பின்பலகையில் இருந்த முகம்

பெலார்மீனோவைப் பற்றி எங்கள் ஊர் எஸ்பனோலாவில் யாரைக் கேட்டாலும் முதலில் வண்டியைத்தான் சொல்வார்கள். "யாரு, அந்தச் சிவப்பு ஷெவர்லே டிரக் வச்சிருக்கானே, அவனா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷன் கொள்ளை வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். இந்த ஊரில் பாதிப் பேர் அவன் பஸ்ஸில் தூங்கி வழிந்து வளர்ந்தவர்கள்தான். பாதையில் ஒரு கோழி குறுக்கே வந்தால்கூட பஸ்ஸை நிறுத்தி, அது ஓரம் போகும்வரை காத்திருப்பான். "பெலோ தாத்தா, அது உங்க மாமியாரா?" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தும். "மாமியாரா இருந்தா நிறுத்தியிருப்பனா?" என்பான். அதையெல்லாம் விட்டுவிட்டு வண்டியாம், வண்டி!

சரி, நானும் வண்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வேறு வழியில்லை.

நான் எல்வீரா. ரிவர்சைட் சாலை ஓரத்தில் கொட்டகை போட்டு, பழைய வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து மெருகேற்றிக் கொடுக்கிறவள். பெலோவின் ஒரே மகன் தெல்ஃபீனோவை ஞானஸ்நானத்தில் கைக்குழந்தையாய் ஏந்தி நின்ற ஞானத்தாயும் நான்தான். அன்றிலிருந்து பெலோ எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களைக்கூட எங்கள் பக்கம் கோபத்தில் அறுத்துவிடுவார்கள், இந்த உறவை அறுக்க மாட்டார்கள். திட்டுவதற்கு முழு உரிமை உண்டு. நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த டிரக் அவன் மாமாவின் ஆப்பிள் தோட்டத்தில் சக்கரம் இல்லாமல் கிடந்தது. சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தெல்ஃபி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். "அப்பா, இதைத் தூக்கிட்டு வந்துடலாமா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். வீட்டுக்குள் அப்பனும் மகனும் முகம் பார்த்து நாலு வார்த்தை பேச மாட்டார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் மட்டும் பேச்சு நிற்காது. நாலு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தரையைத் தொடுகிற மாதிரி வண்டியை இறக்கினார்கள். ஸ்விட்சைத் தட்டினால் மூக்கைத் தூக்கிக் குதிக்க வைத்தார்கள். என் கொட்டகையில் வைத்துப் பெயிண்ட் அடித்தோம். அடியில் வெள்ளி, அதன்மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர். வெயிலில் நிறுத்தினால் வாயில் போட்ட மிட்டாய் மாதிரி பளபளக்கும். சும்மா சொல்லக் கூடாது, அதைப் போல ஒரு சிவப்பை அதற்கப்புறம் நான் அடிக்கவில்லை.

பிறகு போதை ஊசி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அது நுழையாத வீடு எது? தெல்ஃபி விட்டான், தொட்டான், மறுபடி விட்டான், மறுபடி தொட்டான். ஆள் எலும்பும் தோலுமாகிப் போனான். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கின் கழிவறையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி, தன்னந்தனியாகச் செத்தான். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். பெலோ வெளியில்தான் நின்றிருந்தான்.

எங்கள் ஊரில் செத்தவர்களை வண்டியில் வரைவது வழக்கம். கல்லறை கிடந்த இடத்திலேயே கிடக்கும். வண்டியில் வரைந்தால் ஈஸ்டர் ஞாயிறன்று ரிவர்சைட் சாலையில் ஊரே பார்க்க மெதுவாக ஊர்ந்து போவார்கள், சனம் சிலுவை போட்டுக்கொள்ளும். தெல்ஃபியின் வருஷத் திருப்பலி முடிந்ததும், அவனுடைய கூட்டாளி ஆர்சேனியோ டிரக்கின் பின்பலகையில் அவன் முகத்தை வரைந்தான். வீட்டில் இருந்த போட்டோக்களில் அவன் ஒன்று சின்னப் பையனாக இருந்தான், இல்லாவிட்டால் கன்னம் ஒட்டிப்போய் இருந்தான். ஆர்சேனியோ ரெண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, மனசிலிருந்தே வரைந்தான். கன்னத்தில் சதை வைத்தான், கண்ணில் தெளிவு வைத்தான். ஊசியே தொடாமல் முப்பது வயசுக்கு வந்திருந்தால் தெல்ஃபி எப்படி இருந்திருப்பானோ, அப்படி. மறு குளிர்காலத்தில் ஆர்சேனியோவும் அதே ஊசியில் போய்ச் சேர்ந்தான். ஆக, அந்த முகம் உலகத்தில் அந்த ஒரு தகரத்தில் மட்டும்தான் இருந்தது.

தெல்ஃபியின் அம்மா ஓர்லிந்தா அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. வண்டி முற்றத்தில் நின்றால் அவள் சமையலறைக் கதவு வழியாகச் சுற்றிப் போவாள். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"ஏன்டி, ஒரே ஒரு தரம் பாத்தா என்ன?"

"அது ஆர்சேனியோ பெத்த பையன்," என்றாள். "நான் பெத்தவன் எலும்பாத்தான் செத்தான். அவனைத்தான் நான் நினைச்சுக்கணும்."

பெலோவோ நேர்மாறு. சனிக்கிழமையானால் விடிந்ததும் ஒரு முக்காலியைப் பின்பலகைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிடுவான். தண்ணீர், சோப்பு, மெல்லிசுத் துணி, அப்புறம் காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை, அப்புறம் மெழுகு. வண்டியின் மற்ற இடங்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் முகத்தில் கீறல் தேடித் தேய்ப்பதற்கு மட்டும் மத்தியானம் வரை. எங்கள் பக்கத்தில் அடுத்தவன் பெயிண்டை யாரும் தொட மாட்டார்கள். சட்டைப் பொத்தான் உரசினால்கூட உறவு முறிந்துவிடும். அதனால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன். வாயைத்தான் கட்ட முடியாது.

எங்கள் ஊர் வெயில் பொல்லாத வெயில். பள்ளத்தாக்கு என்றாலும் மலைமேல் உயரத்தில் இருக்கிறது, மேகமே கிடையாது. அஞ்சாறு வருஷத்தில் முகத்தின்மேல் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி வர ஆரம்பித்தது. பெலோ அதைப் பார்த்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தான். எனக்குப் பதறிவிட்டது.

"கொம்பாத்ரே, கையை எடு! அது அழுக்கு இல்ல."

"பின்ன என்னவாம்? பாரு, கண்ணு மேல எப்படிப் படிஞ்சிருக்குன்னு."

"மேல இருக்கிற கிளியரே வெயில்ல வெந்து போச்சுய்யா. நீ தேய்க்கத் தேய்க்க அதுதான் உரிஞ்சுக்கிட்டு வருது. வாரா வாரம் காம்பவுண்ட் போட்டா எத்தனை நாள் தாங்கும்? அது போயிட்டா அடுத்தாப்ல உன் கைக்கு வர்றது உன் மகன்தான்."

"நல்லாத்தான் பயமுறுத்துற. போன வாரம் தேய்ச்சதும் பளிச்சுன்னு வந்துச்சே."

"ஒரு நாளைக்கு வரும். மறுநாள் மறுபடி புகைதானே? கேக்குறேன், வந்துச்சா இல்லியா?"

அவன் துணியை மடித்தான். நான் விடவில்லை. பலகையைக் கழற்றிக் கொடு, மேலாகச் சுரண்டி, புதுசாகக் கிளியர் அடித்து, காய வைத்துத் தருகிறேன், ரெண்டு வாரம் போதும் என்றேன்.

"ரெண்டு வாரமா? முடியாது."

"ஏன்? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

"அவனை அங்க தனியா விட மாட்டேன் கொமாத்ரே."

"தகரத்தைத்தானய்யா கேக்குறேன்!"

"ஒருக்கா தனியா விட்டுட்டேன். போதும்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ரெண்டும் சேர்ந்து வந்தால் நான் கத்துவேன், கத்தினேன். கடைசியில் அவனே, "இங்கயே, என் முத்தத்துலயே வச்சு அடிச்சுடேன்," என்றான்.

"முத்தத்துலயா? இந்தப் பங்குனிக் காத்துலயா? உன் கோழி இறகு, எதிர்வீட்டு நாயி மயிரு எல்லாம் சேந்து ஒட்டிக்கிட்டு, உன் மகன் தாடியும் மீசையுமாத்தான் நிப்பான். வேணும்னா நீயும் என் கொட்டகைக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்துக்கோ."

அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. "சரி, ஈஸ்டர் முடியட்டும். ஊர்வலம் போயிட்டு வந்த மறுநாள் நானே கழட்டிக் கொண்டாரேன், பாயோட," என்றான். அதுவரை காம்பவுண்டைத் தொட மாட்டேன், வெறும் தண்ணியும் துணியும்தான் என்று குழந்தை இயேசு மேல் சத்தியம் பண்ணினான். எனக்கு நிம்மதியாக இருந்தது. கிளியர் டின்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று சிமாயோ கோயிலுக்கு எல்லாரும் நடந்து போனோம். கோயில் வாசலில் எங்கள் வண்டிச் சங்கத்துக்காரன் ருப்பேர்த்தோ நின்றிருந்தான். நல்லவன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. பெலோவின் தோளில் தட்டி, "என்னப்பா, உன் பையன் கண்ணுல புரை விழுந்திருக்கே! நாளன்னிக்கு ஊர்வலத்துல கண்ணாடி மாட்டி விட்டுடு," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெலோவும் கூடச் சேர்ந்து சிரித்தான். அன்று சாயங்காலம் பார்த்து மண்காற்று அடித்தது. அதன் பின்னாலேயே நாலு துளி மழை. மொத்த வண்டியும் செம்மண் புள்ளியாகிவிட்டது என்று பெலோ போனில் சொன்னான்.

மறுநாள் பனோச்சா கிண்டியிருந்தேன், முளைகட்டிய கோதுமைக் களி. தபசு காலத்தில் அது இல்லாமல் இருக்காது. ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெரு முனையிலேயே, பெயிண்டைச் சுழற்றித் தேய்க்கிற பஃப் மெஷின் சத்தம் கேட்டது. எங்கே இருந்து வாங்கினானோ, பாவி! கையால் தேய்த்திருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கியிருக்கும். நான் கிண்ணத்தோடு ஓடினேன். ஓட ஓடவே சத்தம் நின்றுவிட்டது.

பெலோ தரையில் உட்கார்ந்திருந்தான். மெஷின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்பலகையில் ஒரு காது இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. நடுவில் அடிப் பெயிண்டின் வெறும் வெள்ளி. கையில் இருந்த வெள்ளைத் துணியில் பழுப்பும் சிவப்புமாகக் குழம்பியிருந்தது.

"ஒரு சுத்து விட்டதுமே பளிச்சுன்னு வந்துச்சு கொமாத்ரே," என்றான். "கண்ணு ரெண்டும் தெளிஞ்சிருச்சு. ஓரத்துல கொஞ்சம் புகை இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு சுத்துதான்..."

கையிலிருந்த களிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். புதுக் கிளியர் அடித்து என்ன செய்ய? எதன்மேல் அடிக்க?

"நேத்து கோயில் சிலுவைப் பாதையில பாத்தோமே," என்றான். "வெரோனிக்கா இயேசுவோட முகத்தைத் தொடைச்சா, அந்த முகம் அப்படியே அவ துணிக்கு வந்துச்சு. எனக்கு வந்திருக்கிறதைப் பாரு." துணியை விரித்துக் காட்டினான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் ஓர்லிந்தா வந்தாள். சமையலறைக் கதவு வழியாக அல்ல, முன்வாசல் வழியாக. மெஷின் சத்தம் நின்றதும் வேறு சத்தம் எதுவும் வராததால் பயந்துபோய் வந்திருக்கிறாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே பின்பலகைக்கு நேராக நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் அந்த வெள்ளியையே பார்த்தாள்.

"எங்க இருந்தான்?" என்றாள்.

பெலோ விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான்.

"சிரிச்சிக்கிட்டா இருந்தான்?"

பெலோ வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை, அவனைத்தான் கேட்டாள். நான் குனிந்துகொண்டேன்.

ஓர்லிந்தா மெல்லத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதுசில்கூட அவள் அப்படி ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவனுக்கு மேல்பல்லு ஒண்ணு கோணலா இருக்குமே," என்றாள். "அதைப் போட்டிருந்தானா ஆர்சேனியோ?"

"தெரியல."

"வாரா வாரம் இங்கதானே உக்காந்திருந்தே?"

"உக்காந்திருந்தேன்," என்றான் பெலோ. "கீறல் எங்கெங்க இருந்துச்சுன்னு கேளு ஓர்லிந்தா. ஒண்ணு விடாம சொல்றேன்."