முனியப்பன் எனக்கே விட்டுத் தந்த கிடா

போன பங்குனியில் எங்கள் கிடா அசைபோடுவதை நிறுத்திவிட்டது. முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம் அடித்தது. கிடா வாடை எனக்குப் பழக்கம்தான். இது வேறு. சாக்கடையைக் கிளறிவிட்டது போல அதன் வாயிலிருந்து வந்தது. இடது பக்க வயிறு உப்பிப்போயிருந்தது. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. வாயோரம் பச்சையாக எச்சில் ஒழுகி, அதில் ஈ மொய்த்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து வேலி ஓரம் வாந்தி எடுத்தேன்.

இதைப் பூசை அன்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. பத்தாவது வரை படித்திருக்கிறேன், எழுத வரும். அதனால் முனியப்பனை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் எழுதித் தருகிறேன். நாற்றத்தையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதை விட்டுவிட்டால் நடந்ததைச் சொன்னதாக ஆகாது.

எங்களுக்குக் கச்சிராயபாளையம் பக்கம். கரும்புப் பயிர். முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். அந்த வராந்தாவில் நின்றுதான் நேர்ந்துகொண்டேன். முனியப்பா, இவரை வீட்டுக்கு அனுப்பு, உனக்கு ஒரு கிடா வெட்டுகிறேன் என்று. அவர் பிழைத்து வந்தார். கல்வராயன் மலையிலிருந்து ஆடு ஓட்டி வந்த ஒருவரிடம் ஒரு வெள்ளைக் குட்டியை வாங்கினோம். நெற்றியில் மஞ்சள் தடவி, இது சாமிக்கு என்று விட்டோம். வளர்ந்ததும் ஆடியில் வெட்டுவதாகப் பேச்சு.

நேர்ந்து விட்டதற்குப் பெயர் வைக்காதே என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் மலையன் என்று வைத்துவிட்டேன். அவர் கரும்புக் கொல்லைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு அக்கம்பக்கத்துப் பேச்சு கிடையாது. மலையனிடம்தான் பேசுவேன். உலையில் என்ன போட்டேன் என்பது வரை சொல்வேன். அவன் அசைபோட்டுக்கொண்டே கேட்பான்.

சாமிக் கிடாவை யாரும் கட்டிப்போடுவதில்லை. பகலெல்லாம் ஏரிக்கரையில் முனியப்பன் திடலில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது தானே வீடு வந்து சேருவான். அப்படி வந்தவன்தான் இப்படிப் படுத்துவிட்டான்.

நல்லெண்ணெய் ஊற்றினோம். இஞ்சியும் பெருங்காயமும் அரைத்து ஊற்றினோம். ஊற்றியது மூக்கு வழியாக என் கைமேலேயே திரும்பி வந்தது. சோப்பு போட்டுப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கொல்லைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள். பரிதாபப்பட்டு வந்தார்கள் என்று நினைத்தேன். ஒருவர் மலையனின் முதுகெலும்பு ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். இன்னொருவர் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "இப்பவே அறுத்தா கறிக்காச்சும் ஆவும். நாளைக்கி நாறிப்பூடும்" என்றார். உயிரோடு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற ஜீவனை, அதன் கண்ணுக்கு முன்னாலேயே கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வாயின் நாற்றத்தைவிட அந்த விரல்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

வீட்டுக்காரர் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து வந்தார். வைக்கோல் பரப்பி மலையனை ஏற்றிக் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா வயிற்றை அமுக்கியும் காதுக்குழாய் வைத்தும் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, மருந்தில் கரையாது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் தாங்காது என்றும் சொன்னார்.

அங்கேயே சரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இது சாமிக்கு நேர்ந்தது. அன்று சாயங்காலம் பூசாரி மாமாவிடம் போய்க் கேட்டோம். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"கத்தி பட்ட கெடா சாமிக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆவலன்னா நேந்தது அப்பிடியே நிக்கும். இவன் உசுருக்குத்தான நேந்துகின? யோசிச்சிக்கோ" என்றார்.

கிழித்தால் வேண்டுதல் கெடும், வீட்டுக்காரருக்கு மறுபடி ஏதாவது வரும். கிழிக்காவிட்டால் மலையன் செத்துவிடுவான். இரண்டு பக்கமும் எனக்கு வழி இல்லை.

மறுநாள் காலையில் தனியாகத் திடலுக்குப் போனேன். அழுது வேண்டிக்கொள்ளத்தான் போனேன். முதலில் அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது. யாரோ முந்தின வெள்ளிக்கிழமை படையல் போட்டிருக்கிறார்கள். பிரியாணி ஒட்டிய கவர்கள் வெயிலில் புளித்துக் கிடந்தன. எலும்பும் பேப்பர் தட்டும் சிதறிக் கிடந்தன. பிராந்தி பாட்டில்கள் சாமியின் காலடியிலேயே உருண்டிருந்தன. ஈ எழும்பி முகத்தில் மோதியது. ஏரி காய்ந்து ஒரு பச்சைப் புல் இல்லை. வேறு யாருடைய ஆடோ உப்பு ருசிக்காக ஒரு கவரை மென்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கினேன். எச்சிலும் குழம்புமாக என் கையில் வழவழத்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு சாமி முன்னால் நின்றேன். இவ்வளவு நாற்றத்தில் நீ எப்படி நிற்கிறாய் முனியப்பா என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு அழுதேன். அவனை நீ எடுத்துக்கொள்வதானால் வெட்டி எடுத்துக்கொள், எங்கள் குப்பையைத் தின்று சாக விடாதே. எனக்குத் தருவதானால் என் வீட்டுக்காரரையும் சேர்த்துத் தா. இரண்டில் ஒன்றைச் சொல். இதுதான் என் பிரார்த்தனை. வேறு மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கொட்டகையில் உட்கார்ந்து மலையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் வைக்காதே என்று சொன்னவர். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நேந்தது யாருக்கு? எனக்கு. அப்ப நான் சொல்றேன், கிழிக்கச் சொல்லு. முனியப்பன் கேட்டா என்னாண்ட வந்து கேக்கட்டும்."

"ஏங்க, உங்களுக்கு எதனா ஆயிட்டா?" என்றேன்.

"காமாலைக்கே சாவாதவன். போய் அந்த டாக்டரம்மாவுக்கு போன் போடு. நான் பேசினா எரிஞ்சி விழுவேன்" என்றார்.

நான் கேட்ட பதில் இவர் வாயால் வந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

போன் போட்டேன். ஆபரேஷன் முடியும் வரை தீவனம் எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னார். படுக்கும் வைக்கோலைக்கூட மலையன் முகர்ந்து பார்த்தான். அதனால் தரையைச் சுத்தமாகக் கூட்டி, காளை மாட்டுக்குப் போடும் வாய்க்கூடையை அவனுக்குச் சின்னதாகச் சுருக்கிக் கட்டினேன். இடது பக்கத்தை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கழிச்சல் காய்ந்து மயிரோடு மயிராகப் பிடித்திருந்தது. வெறும் கையால் தொட முடியவில்லை. கையில் ஒரு கேரி பேக்கை மாட்டிக்கொண்டு கழுவினேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று அவனை மேஜையில் வலது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துக் கால்களைக் கட்டினார்கள். பக்கவாட்டில் மயிரைச் சிரைத்து மருந்து தடவினார்கள். கிழிக்கும் இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அவனுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. பழகின கை பிடித்தால் பயப்பட மாட்டான் என்று டாக்டரம்மா என்னையே தலையைப் பிடிக்கச் சொன்னார்.

வயிற்றுப் பையைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. வாய்க்குள் புளித்த தண்ணீர் ஊறியது. முனியப்பா, என் கை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்த வாந்தியை விழுங்கினேன். கையை விடவில்லை.

டாக்டரம்மா முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தார். கயிறு போல முறுக்கிக்கொண்டு கறுப்பாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும்தான் என்னென்ன என்று தெரிந்தது. கேரி பேக்குகள். கற்பூரப் பாக்கெட்டின் கவர். விளக்கேற்றும் எண்ணெய் பாக்கெட். குங்குமம் வாங்கிய கவர். மாலை கட்டி வருகிற நைலான் கயிறு. என் விரல்களைப் பார்த்தேன். கேரி பேக் மாட்டியிருந்த அதே விரல்கள்.

"எந்தக் குப்பமேட்டுலம்மா மேய விட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கோயில்ல" என்றேன்.

அவர் தையல் போட ஊசியை எடுத்தார்.

அந்த வாளியை மூடி வீட்டுக்காரர் நேராகப் பூசாரி மாமா வீட்டுக்குக் கொண்டுபோனார். வாசலில் திறந்ததும் மாமா இரண்டு எட்டு பின்னால் போனார். "இன்னாடா இது, இந்த நாத்தம் நாறுது" என்றார். "நம்ம பூசை சாமான்தாண்ணே" என்றார் இவர். மாமா குனிந்து அந்தக் கற்பூரக் கவரைப் பார்த்தார்.

தையல் போட்டதோடு முடியவில்லை. ஈ அண்டக் கூடாது, மண் படக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டில் வலை அடித்த ஜன்னல் இருக்கிற ஒரே இடம் சமையல்கட்டு. மாட்டேன் என்று மனசு சொன்னது. ஆனாலும் அடுப்பை வெளியே தூக்கி வைத்துவிட்டு மலையனை உள்ளே கட்டினேன். மருந்து தெளித்தேன், சீழ் கசிந்த இடத்தைத் துடைத்தேன், மூத்திரம் பட்ட சாக்கை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் குமட்டியது. பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

நாட்கள் போயின, அவன் புல்லைத் தொடவில்லை. அசையும் போடவில்லை. வயிற்றில் செரிக்க வைக்கிற சாறு செத்துப்போயிருக்கும், ஆரோக்கியமான ஆட்டின் வயிற்றுச் சாறு கிடைத்தால் ஊற்றுங்கள், கறிக்கடையில் கேளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். நான் அதுவரை கறிக்கடைக்குத் தனியாகப் போனதில்லை. கூட்டம் கலையும் வரை தூரத்தில் நின்றேன். பிறகு தூக்குவாளியை நீட்டி மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் சாணிய அலசிட்டுக் கொடலு போட்டியக் குடுன்னு கேப்பாங்க. நீங்க போட்டிய உட்டுட்டு சாணியக் கேக்கறீங்களேக்கா" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பையைக் கீறி, தானே வழித்து வாளியில் போட்டார். காசு வாங்கவில்லை. "பொழச்சா சொல்லுங்க" என்றார்.

வீட்டில் அதை வெள்ளைத் துணியில் கொட்டி வெறும் கையால் பிழிந்தேன். இந்த முறை கையில் எதையும் மாட்டவில்லை. பச்சைச் சாறு வெதுவெதுப்பாக மணிக்கட்டில் ஒழுகியது. இன்னொரு ஆட்டின் உயிர் அது. மலையனின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முனியப்பா, ஒரு ஆடு செத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இதோ ஒன்று செத்துவிட்டது, இது போதாதா என்று கேட்டேன்.

அடுத்த நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மலையனின் தாடை பக்கவாட்டில் அசைந்தது. நின்றது. தொண்டையில் உருண்டை ஒன்று ஏறியது. திரும்ப அசைந்தது. பக்கத்தில் போய் அவன் வாயருகே மூக்கை வைத்தேன். நல்ல புல் வாசம். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆனால் ஆடி வந்தது. நேர்ந்தது நேர்ந்ததுதான், கொண்டுவந்து நிறுத்து, முனியப்பனே சொல்லட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரியும், மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உடனே வெட்டு விழும். தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது?

உறவுக்காரர்கள் கறி வாங்கக் குண்டானோடு சுற்றி நின்றார்கள். மாமா ஒரு சொம்புத் தண்ணீரை நெற்றியிலிருந்து வால் வரை ஊற்றினார். மலையன் அசையவில்லை. "சிலுப்புடா" என்று யாரோ அதட்டினார்கள். இரண்டாவது சொம்பு. இல்லை. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சொம்பு. மஞ்சள் தண்ணீர் அந்தத் தழும்பின் மேல் ஓடிச் சொட்டியது. மலையன் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அசைபோட்டான்.

மாமா சொம்பைக் கீழே வைத்தார்.

"வேணான்னுட்டாரு. இட்டுக்கினு போம்மா. நேந்தது தீந்துபோச்சி."

என் வீட்டுக்காரர் இன்று வரை நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போதும் கொல்லையில் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்கிறது. மாமா அன்று கற்பூரம் ஏற்றும்போது கவரைப் பிரித்துத் தன் மடியில் செருகிக்கொண்டதையும் பார்த்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கோணிப்பையோடு திடலுக்குப் போகிறேன். நீங்கள் போட்டுவிட்டுப் போனதைப் பொறுக்குகிறேன். இன்னமும் குமட்டுகிறது. அருவருப்பை எடுத்துவிடு என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அதுவும் முனியப்பன் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். அது இல்லாமல்தானே இத்தனை பேர் அந்த நாற்றத்தில் கும்பிட்டுவிட்டுப் போனோம்.

கஷ்டம் வந்தால் முனியப்பனிடம் வாருங்கள். எனக்குச் சொன்ன மாதிரி உங்களுக்கும் ஒரு பதில் சொல்வார், நம்புங்கள். அது யார் வாயால் வரும், எந்த வாளியில் வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. வரும்போது கற்பூரத்தையும் பூவையும் வாழை இலையில் மடித்துக்கொண்டு வாருங்கள். கவர் வேண்டாம். மலையன் அங்கேதான் மேய்கிறான்.