ஓட்டைக் காலணாவுக்கு என்ன விலை?

புளி போட்டுத் தேய்த்தால் எந்தச் சாமானும் புதுசாகிவிடும் என்பது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் நம்பிக்கை. எங்கள் மர்பி டவுனில் பிளவுஸ் தைக்கிறவர். அவர் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டைப் பார்த்தே நீங்கள் தலை வாரிக்கொள்ளலாம்.

இந்த மாத ஆரம்பத்தில், ஸ்டெல்லா தன் காலமான மாமனாரின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு டப்பா நிறைய ஓட்டைக் காலணா கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து, நடுவில் துளை போட்ட செப்புக் காசு. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்களாமே... என்று கொளுத்திப் போட்டது நான்தான்.

ஸ்டெல்லாவுக்கு லட்சம் வேண்டாம். தெருமுனையில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அட்வான்ஸ் கொடுத்தால் போதும் — கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே மெஷினை நெருக்கிப் போட்டுத் தைக்காமல், போர்டு மாட்டித் தைக்கலாம். மாதக் கடைசி வரைதான் பார்ப்பேன் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

சிவாஜிநகரில் பழைய காசு வாங்கும் பாய் ஒருவரிடம் போனோம். டப்பாவைத் திறந்தார். உள்ளே அத்தனையும் புதுத் தாலி மாதிரி மின்னின.

"யாரு அக்கா இத்த உஜ்ஜித் தேய்ச்சது?"

"நான்தான் பாய். கருகருன்னு இருந்துச்சு. நாலு பேருக்குக் காட்டற பொருளாச்சே... புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றார் ஸ்டெல்லா பெருமையாக.

பாய் என்னைப் பார்த்தார். "அந்தக் கருப்புக்குத்தான் சார் விலையே. இப்ப வேணும்னா எடைக்கு எடுத்துக்கறேன்."

எடைக்குக் கொடுக்க ஸ்டெல்லாவுக்கு மனசு வரவில்லை. டப்பாவின் மூடி நிற்கவில்லை என்று, பாயே காசுகளை ஒரு நூலில் கோத்துக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் ஸ்டெல்லா காசுச் சரத்தை விரலால் நெருடிக்கொண்டே வந்தார். எனக்கோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்றிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் மடியில் காசுகள் கலகலத்தன. அல்சூர் தாண்டும்போது கேட்டார்:

"அண்ணா, சத்தம் நல்லாத்தானே இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது, அவருடைய பிளவுஸின் முதுகு நாடாவில் குஞ்சலத்துக்குப் பதிலாக நாலு காலணா தொங்கியது. பின் பெஞ்சில் இருந்தவர்கள் பிரசங்கம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கோயில் வாசலிலேயே மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"எவ்ளோ பளபளன்னு இருக்கு ஆன்ட்டி. என் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே மாதிரி தைச்சுத் தர்றீங்களா?"

அந்தப் பெண் கொடுத்த முன்பணம் நேற்று கடை ஓனர் கைக்குப் போனது. மீதி அட்வான்ஸைக் கல்யாண பிளவுஸ்களைத் தைத்துக் கொடுத்ததும் கட்டவேண்டும். ஓனர் சாவியைக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லா போர்டு எழுத ஆள் தேடுகிறார். எனக்கே கடை கிடைத்த மாதிரி சந்தோஷம்.

இந்தக் கதையை என் மனைவியிடம் அளந்துகொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "ஓட்டைக் காலணா பெறாத மனுஷன்" என்றாள், வழக்கம்போல. முதல் முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.

ஓட்டை இருந்தால்தானே நூல் நுழையும்?