பெயர் எழுதாத பொட்டலம்

பழுப்பேறிப்போன ஒரு கார்பன் நகல் என் பீரோவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நானே டைப் அடித்த மனு. அதன் கடைசி வரி இதுதான்: ‘அந்தப் பொட்டலத்தைக் கேட்டவர் முன்வந்து சொன்னால் உண்மை விளங்கும்.’ அந்த வரியைச் சொல்லி அடிக்க வைத்தவர், கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மாமி. பொட்டலத்தைக் கேட்டவள் நான்.

மாமியின் கணவரை நான் பாய் மாமா என்பேன். மலேயாவில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. அவர் ஊருக்கு வருகிறார் என்றால் தெருவில் பாதிப் பேருக்குச் சாமான் வருகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் காடாத் துணியில் வைத்துத் தைத்து, உரியவர் பெயரை மையால் எழுதி, கடையில் ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த வருஷம் எனக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வேண்டுமென்று அவருக்கு எழுதினேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, வேலை நிரந்தரமாகாத நேரம் வேறு; வரி கட்டாத வெளிநாட்டுச் சாமான் என்று தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா, பேர்கூட எழுத வேணாம்’ என்று அடிக்கோடு போட்டு அனுப்பினேன். ரேடியோப் பைத்தியம், வேறென்ன சொல்ல.

அவர் ஏறிய விமானம் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. ஒருவர்கூட மிஞ்சவில்லை. யாரோ குண்டு வைத்திருக்கிறார்கள் என்று விசாரணையில் சொன்னார்கள். பயணிகள் என்னென்ன கொண்டுபோனார்கள் என்று துருவியபோது மாமாவின் பட்டியலும் கைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே பெயர் இருந்தது, ‘ஒரு பொட்டலம்’ என்று மட்டும் எழுதியிருந்த ஒன்றைத் தவிர. அது யாருக்கென்று கடையில் கேட்டதற்கு மாமா சிரித்து மழுப்பினாராம். அது போதாதா? எவனோ கொடுத்த குண்டை வாங்கிக்கொண்டு ஏறிய ஆள் என்று அவர் மேல் சந்தேகம் விழுந்தது. எங்கள் தெருவிலேயே ‘குண்டு பாய் வீடு’ என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மாமி மனுப்போடக் கிளம்பினார். கலெக்டருக்கு, டெல்லிக்கு, விமானக் கம்பெனிக்கு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர் என்னிடமே வருவார். நான் பழகிய டைப் இன்ஸ்டிடியூட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷினை ஒழித்துத் தருவார்கள். “அவுங்க மேல பழி இல்லன்னு ஒரு காயிதம் வந்தா போதும்மா. குண்டு வச்சவன அப்புறமா தேடட்டும்” என்பார். கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தையே பார்ப்பார். நான் மெஷினைப் பார்ப்பேன். வேலை நிரந்தரமாகட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆயிற்று. கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். அதுவும் முடிந்தது. பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சில வருஷத்தில் மாமி சிதம்பரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். வயிற்றில் குழந்தையோடு ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். கொடுத்த டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து மாமாவின் கடைசிக் கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தார். டைப் அடிக்கிற பிள்ளைக்கு ரேடியோ வாங்கிவிட்டேன், யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீயும் சொல்லாதே என்று எழுதியிருந்தார்.

“தெரிஞ்சுமா மாமி சும்மா இருந்தீங்க?” என்றேன்.

“அவுங்க குடுத்த வாக்க நான் எப்புடிம்மா ஒடைக்கிறது? நீயா சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்டயே வந்தேன்.”

ஊர் திரும்பியதும் என் பெயரைப் போட்டு, நடந்ததை டெல்லிக்கு எழுதி அனுப்பினேன். அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. குண்டு வைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. மாமி கேட்ட காகிதமும் வரவில்லை, மாமியும் இப்போது இல்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த நகல் கையில் படுகிறது. மனு டெல்லிக்குப் போனாலும் கடைசி வரியை மாமி எனக்குத்தான் சொல்லியிருக்கிறார். நானும் அதை ஒவ்வொரு தடவையும் ஒரு பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.