அக்கா குடிக்காத டம்ளர்

மலையில் பாதி இறங்கிய பிறகுதான் என் சட்டை ஒன்று அக்கா வீட்டுக் கொடியில் காய்வது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. கல்வராயன் மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைக் கொல்லும். அன்று அதுகூட உறைக்கவில்லை. இரண்டு வருடம் சாராயம் காய்ச்சிய வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது ஒரு துண்டும் ஒரு வேட்டியும்தான்.

அவர் சொந்த அக்கா இல்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டு, செங்கல் சூளை, லாரி, ஹோட்டல் என்று சுற்றி, முப்பது வயதில் மரவள்ளி பிடுங்க மலைக்குப் போனவன் நான். காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி ஊற்றியவர் அவர். அப்படியே விறகு வெட்ட அங்கேயே நின்றுவிட்டேன். அவருக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஓடையோரம் புதைத்த பீப்பாய்களில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறும். பொங்கி அடங்கியதும் பானையில் ஊற்றி அடுப்பில் ஏற்றுவார். ஆவி குளிர்ந்து சொட்டுவதற்காக, மேல்சட்டித் தண்ணீர் சூடேறாமல் மாற்றிக்கொண்டே இருப்பது என் வேலை. முதலில் சொட்டுவது விஷம் என்று கீழே கொட்டிவிடுவார். யார் கேட்டாலும் தரமாட்டார். சட்டப்படி குற்றம்தான். எங்களுக்கு அதுதான் சோறு. சரக்கு எடுக்க ஆள் வந்தால், கேனிலிருந்து அரை டம்ளர் ஊற்றி, அந்த ஆளின் கண் முன்னால் தானே முதலில் குடிப்பார். குடிப்பழக்கம் கிடையாது. குழந்தை கஷாயம் குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். அதன் பிறகுதான் கேன் மலை இறங்கும்.

ஒருமுறை ரெய்டில் பீப்பாய்களை உடைத்து ஊறலை ஓடையில் விட்டார்கள். மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் அவித்த மரவள்ளியையே தின்றார்கள். கீழேயிருந்து ஒரு வியாபாரி ஏதோ ஸ்பிரிட்டைக் கேனில் அனுப்பினான். தண்ணீர் கலந்தால் போதும், காய்ச்சவே வேண்டாம். முன்பு இரண்டு முறை திருப்பி அனுப்பிய அக்கா, இந்த முறை வாங்கி வைத்துக்கொண்டார். கலந்தது நான்தான். கண் எரிந்தது.

மறுநாள் காலை, வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கேன்காரர் வந்தார். ஒரு காலை விந்தி நடப்பார்.

"இன்னா தங்கச்சி, அடுப்புல சூடே இல்ல, சரக்கு மட்டும் ரெடியா கீது?" என்று சிரித்தார்.

அக்கா டம்ளரில் ஊற்றி வாய்வரை கொண்டுபோனார். பிள்ளைகள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நீ குடி தம்பி. எனக்கு வவுறு சரியில்ல."

அவர் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு யாருமில்லை. அவர் நினைத்ததில் தப்பில்லை. அந்தச் சரக்கு ஆளைக் கொல்லுமா, வெறும் போதைதானா என்று எனக்குத் தெரியாது. அவர் குடிக்கவில்லை. அது தெரியும்.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் முழிச்சிக்கினு நிக்கிற? இப்டி குடு, நான் பாக்கறேன்" என்று கேன்காரர் கை நீட்டினார். கை தவறியதுபோல டம்ளரைக் கீழே விட்டேன். "மண்ணுக்கு ஊத்தறான் பாரு, ஒதவாக்கர!" என்று திட்டிவிட்டு, இரண்டு கேன்களையும் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டார். அன்று யாரும் குடித்துக் காட்டாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காமேல் அவ்வளவு நம்பிக்கை.

அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வை இல்லை. இவன் சொல்லமாட்டான் என்று தெரிந்துகொண்ட பார்வை. அவர் நினைத்தது சரிதான். கேன்காரர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஒரு பாதையில் போனார். நான் வேறு பாதையில் இறங்கினேன்.

இப்போதும் யார் வீட்டில் டீ கொடுத்தாலும், கொடுத்தவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் குடிக்கிறேன். பார்ப்பவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மலை இறங்கிய மறுநாள் காலை சின்னசேலத்தில், கரும்பு வெட்டுக்கு ஒரு மேஸ்திரி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு லாரிகள் நின்றன.

"மணலூர்பேட்டைன்னா பக்கம், நெனச்சா வூட்டுக்கு வரலாம்" என்றார். "அது கர்நாடகா. ஆறு மாசம். ஒரு தமிழ் பேப்பர்கூட கெடைக்காது. எதுல ஏறுற?"

நான் கர்நாடகா லாரியில் ஏறினேன்.