ஏலக்காய்ப் போத்தல்

பிள்ளைகளே, உங்கள் அம்மா போய் ஒரு வருஷமாகிறது. அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதத் தொடங்கி நாலு தரம் எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். வாசலைப் பார்க்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து எனக்குத் தொற்றியது.

அம்மா பிறந்தது களுவாஞ்சிக்குடியில், ஐந்து பெண்களுக்கு நடுவில். என்னைக் கலியாணம் முடித்துக் கடற்கரைப் பக்கம் வந்தார். சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு பள்ளிக்கூட முகாமில் காலையில் வெறும் பேக்கரிப் பாண்தான். நீங்கள் தின்னாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிவாரணப் பெட்டியில் ஒரு கொக்கோத் தூள் டின் இருந்தது. அம்மா மூன்று கல்லில் சட்டி வைத்து, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டிப் பாணில் பூசித் தந்தார். மூத்தவனுக்கு ஏலக்காய், மகளுக்கு வறுத்து இடித்த கச்சான் கடலை, சின்னவனுக்கு ஆரஞ்சுத் தோடம்பழத் தோல். அன்றைக்கு அரை முகாம் எங்கள் பாயைச் சுற்றி நின்றது.

பிறகு மூத்தவன் சுனாமி வீடு கட்டுகிற மேசன் வேலைக்கு முல்லைத்தீவு போனான். சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடிதமும் நின்றது.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் சத்தம் கேட்டால் புது வீட்டுக் கேற்றடிக்கு ஓடுவார். பால் விட்டுக் கிண்டினால் அடுத்த நாள் புளித்துவிடும். அவன் வருகிற நாளோ தெரியாது. அதனால் பாலை விட்டுவிட்டு மாஜரின் கொழுப்பில் கிண்டி, ஏலக்காய் போட்டு, ஒரு போத்தலில் அடைத்து வைத்தார். மாதம் முடிந்தால் அதை உங்கள் பாணுக்குப் பூசிவிட்டுப் புதிதாகக் கிண்டுவார். "இந்த மாசமும் ஏலக்காயா?" என்று சின்னவன் மூஞ்சியைச் சுளிப்பான்.

"என்ன கா இது, அவன் வந்த பிறகு செய்யலாம்தானே" என்று ஒருநாள் நான் ஏசினேன்.

"புள்ள பசியோட வந்து நிக்கக்குள்ள நான் தேங்காய் திருவிக்கிட்டு இரிக்கவா?"

சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்ன நாள், அம்மா சட்டியை மூன்று தரம் கழுவினார். அவன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாமல் அன்றைக்கு ஒன்றும் கிண்டவில்லை.

மாதங்கள் கழித்து மூத்தவன் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு, எலும்பும் தோலுமாய் வந்தான். அம்மா போத்தலைத் திறந்து பாணில் பூசிக் கொடுத்தார். ஒரு கடி கடித்தான்.

"என்னம்மா, கடைச் சாமான் மாதிரி இரிக்கு. பால் விடல்லையா?"

அம்மா முதலில் முழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கண்ணீர் ஓடியது. "உனக்காகத்தானே மனே பால் விடாம விட்டன்!" தேங்காயை எடுத்து உடைத்தார். "தாங்கம்மா, நான் திருவுறன்" என்று அவன் எழும்பினான்.

"நீ இரி. அந்த இடத்தை விட்டு எழும்பாத."

திருவி முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், முற்றிக் கடைசிக் கிழமை ஏழு நாளும் கட்டிலில் கிடந்தபோதும், "மூத்தவன் நிக்கிறானா?" என்றுதான் கேட்டார். பக்கத்திலேயே நின்று, "நிக்கிறன் அம்மா" என்றான் அவன்.

கேட்ட நேரமெல்லாம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அயல்வீட்டுத் தம்பியையும், முப்பத்தோராம் நாள்வரை எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்த, அம்மாவோடு பிறந்த மச்சாள்மாரையும் கும்பிடுகிறேன்.

திவசப் படையலுக்கென்று மகள் மாஜரின் வாங்கி வைத்திருக்கிறாள். வேண்டாம் பிள்ளை, பால் விட்டே கிண்டு. வருகிற எல்லாரும் பாணில் பூசித் தின்றுவிட்டுப் போகட்டும். அடுத்த நாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

போத்தலை நான் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.