சூடு போதுமா என்று கேட்பவன்

ஆளைப் படுக்கவைத்துச் சூடேற்றுவதுதான் என் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. உணவுக்குழாயில் கட்டி வந்தவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கீமோவும் கதிர்வீச்சும் நடக்கும் வாரங்களில், வாரம் ஒருநாள் என்னிடம் அனுப்புவார்கள். நெஞ்சிலும் முதுகிலும் தண்ணீர்ப்பை வைத்து, மெஷினால் கட்டியைச் சூடாக்குவேன். சூடுபட்ட கட்டியில் மற்ற இரண்டும் நன்றாக வேலை செய்யும் என்பது டாக்டர்களின் கணக்கு. டோக்கனோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவர்களுக்கு இந்தக் கதைகள் புரியும்.

முதல் சந்தேகம்

சுடலைமுத்து அண்ணாச்சி இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம், தம்பானூரில் டீ மாஸ்டர். ஊர் தென்காசிப் பக்கம். கஞ்சிகூட இறங்காத நிலையில் வந்தார். கொதிக்கக் கொதிக்க டீ குடித்த பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி சுருங்கினால்தான் ஆபரேஷன் என்றும் சொல்லியிருந்தார். நான் மெஷினைப் பற்றி விளக்கி முடித்ததும் அண்ணாச்சி மனைவி பேச்சியம்மாளிடம் திரும்பினார்.

"சூட்டுல வந்த நோவுக்கு இன்னுங் கொஞ்சம் சூடு வைக்கணும்ங்காவ. இவுக ஆஸ்பத்திரி ஆளுதானான்னு கேளு."

வெள்ளி அரைஞாண்

உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. மோதிரத்தைக் கழற்றினார். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைத் தொட விடவில்லை. செத்தவனுக்குத்தான் அதை அறுப்பார்கள் என்றார். நான் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் வெளியே போய் ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வந்து, முதலில் அதைக் கட்டிவிட்டு அப்புறம் வெள்ளியை அவிழ்த்தார்.

"ஒரு நிமிசங்கூட வெறும் இடுப்பா இருக்கப்படாது, தம்பி. இப்ப நீங்க சுவிச்சப் போடுங்க."

சுகமா இருக்கு

எங்காவது சுட்டால் உடனே சொல்ல வேண்டும். தோலில் எந்த இடம் சுடுகிறது என்பது படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். நானும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பேன். அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் "சுகமா இருக்கு" என்பார். நாலாவது வாரம் பையை எடுத்தபோது, கத்தி வைக்க வேண்டிய இடத்திலேயே கொப்புளம். ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. சர்ஜன் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ரோகி பறஞ்ஞில்லெங்கில் நினக்கு கண்ணில்லே?" நோயாளி சொல்லாவிட்டால் எனக்குக் கண்ணில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"சுடுதுன்னா நீங்க கொறச்சிருவிய. கொறச்சா கட்டி சுருங்குமா?"

எட்டாம் நாள்

கட்டி சுருங்கியிருந்தது. ஆபரேஷனும் நடந்தது. எட்டாம் நாள் வாய் வழியாக ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். வார்டில் இருந்து என் அறைவரை பேச்சியம்மாள் நடந்தே வந்து, வாசலில் நின்று சொன்னார்.

"எறங்கிட்டு, தம்பி."

இப்போதெல்லாம் யாராவது "சுகமா இருக்கு" என்றால், மெஷினைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.