எட்டாம் வீட்டின் காலி டின்

1943 ஜூலை. மலாயாவில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், கூலிகள் குடியிருக்கும் நாலாம் லயம், எட்டாம் வீடு. ரேஷன் அட்டையில் இரண்டு பேர்: லூர்தம்மாள், அவள் நாத்தனார் பார்பரா. வீட்டில் மூன்று பேர்.

மூன்றாவது ஆள் லூர்தம்மாளின் புருஷன் கிரகரி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவனையும் லோரியில் ஏற்றினார்கள். தாப்பாவுக்கு இறங்கும் வழியில், ஒரு வளைவில் லோரி வேகம் குறைந்த நேரம் குதித்துக் காட்டுக்குள் புகுந்தான். நாலாம் நாள் வீடு வந்து சேர்ந்தான். அன்று முதல் அடுப்புக்கு மேலே, தகரக் கூரையை ஒட்டி விறகு காயப்போடும் பலகைத் தட்டில்தான் படுக்கை. பகலில் இருமக்கூடாது. பிடிபட்டால் அவனோடு போகாது, ஒளித்து வைத்தவர்களையும் விடமாட்டார்கள்.

லூர்தம்மாள் வாயைப் பூட்டினாள், கதவைப் பூட்டினாள். குப்பையைப் பூட்ட மறந்துவிட்டாள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின் இருக்கும். லயம் கூட்டும் முனியாண்டி காலையில் அதைத் தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டு போவான். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் கோழி அடித்தார்கள், எல்லாம் அவனுக்கு டின்னே சொல்லிவிடும்.

"என்னக்கா, ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுல நாலு பேரு திங்கிற கிழங்குத் தோலு கெடக்கு?" என்று ஒரு நாள் சிரித்தான்.

"பார்பராவுக்கு இப்பப் பசி ஜாஸ்திப்பா."

அவன் போனதும் பார்பரா பொரிந்தாள். "என்னைத் தின்னிமாடு ஆக்கிட்டீங்களே அண்ணி! லயம் பூராவும் சொல்லிடுவான் லா!"

லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோலை எண்ணுகிறவனுக்கு ஆளை எண்ண எவ்வளவு நேரமாகும்?

மறுநாளிலிருந்து எட்டாம் வீட்டில் எதுவும் வெளியே போகவில்லை. சர்க்கரைவள்ளியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் தோலோடு அவித்தாள். மரவள்ளித் தோலை அடுப்போரம் காயவைத்து எரித்தாள். கிழங்கு கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கொல்லைக் கீரைப் பாத்திக்கு. சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாம்பலில் பாதியைத் தண்ணீரில் கரைத்துத் துணி வெளுத்தாள். மீதிச் சாம்பலைக் கிரகரியின் கக்கூஸ் வாளியில் கொட்டி மூடி, இருட்டோடு கொல்லையில் புதைத்தாள். கிழிந்த சாக்குகளைச் சேர்த்துத் தைத்து அவனுக்குப் போர்வையாக்கினாள்.

"விட்டா அந்த நாரையும் அவிச்சுப் போட்டுடுவே போல" என்று மேலிருந்து கிரகரி முணுமுணுத்தான்.

"பேசாம படுங்க."

மூன்று வாரமாக டின் காலி. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கேதான் தப்பு நடந்தது. நிறைந்த டின்னைப் பார்த்துச் சிரித்த முனியாண்டி, காலி டின்னைப் பார்த்து அசந்துபோனான். அதைப் போகிற இடமெல்லாம் சொன்னான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பன் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூடவே முனியாண்டி. எதையும் வீணாக்கக் கூடாது, லயத்துக்கு ஒரு வீட்டைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவு. எந்த வீடு என்று கிராணி கேட்க, முனியாண்டி பெருமையாக எட்டாம் வீட்டைக் கைகாட்டியிருந்தான்.

"லூர்து, அடுப்படியைக் காட்டும்மா. இவளுங்க கத்துக்கட்டும்."

"உள்ள ஒரே புகை ஐயா. எல்லாத்தையும் வெளியே கொண்டாறேன்."

"பெரிய வித்தை! தோலையெல்லாம் நாத்தனாக்காரியே தின்னுடுறா" என்றாள் கூட்டத்தில் இருந்த ருக்குமணி.

"அதான் பார்பரா கன்னம் அப்படி மினுக்குதா?" என்று இன்னொருத்தி சேர்த்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். லூர்தம்மாள் சாம்பல் சட்டியையும் தோல் முறத்தையும் வாசலில் வைத்து, யாரும் கேட்காததையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தினால் மேலே மூச்சு விடுவது கேட்டுவிடுமோ என்று பயம்.

கிராணி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முனியாண்டியோடு குனிந்து உள்ளே போனார். பிரம்பால் மேல் பலகையைத் தட்டினார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு விறகு?"

"ராத்திரி குளிர் தாங்கல ஐயா" என்றாள் பார்பரா.

"உங்களுக்கு மட்டுந்தான் குளிருதா? டேய் முனியாண்டி, எறக்குடா. ஆபீசுக்குக் கொண்டு போ."

முனியாண்டி எக்கிப் பார்த்தான். விறகுக்கு நடுவே ஒரு மனுஷக் குதிகால். நீட்டிய கை அப்படியே நின்றது.

"வண்டியில குப்பை நாறுது ஐயா" என்றான், திரும்பாமலே. "கழுவிட்டு, காலைல பெரட்டுல ஆள் எண்ணி முடிஞ்சதும் வந்து ஏத்திடுறேனே."

கிராணி மூக்கைச் சுளித்தார். "முடிஞ்ச உடனே. ஒரு கட்டை குறையக்கூடாது."

கூட்டம் கலைந்தது. முனியாண்டி மட்டும் வாசலில் தயங்கினான்.

"அண்ணன் காலைப் பார்த்துட்டேன்க்கா. வாயைத் தொறக்கமாட்டேன். ஆனா காலைல நான் எறக்கித்தான் ஆகணும். என்னையும் சேர்த்து மாட்டி விட்டுடாதே."

"நீதானடா அவங்களைக் கூட்டிட்டு வந்தே?"

"உனக்கு நல்ல பேரு கிடைக்கும்னு நெனச்சேன்க்கா."

அவள் உள்ளே போனாள். அவித்த கிழங்கு ஆறு இருந்தது. ஆறையும் பழைய துணியில் கட்டி வைத்தாள். பார்பரா சாக்குப் போர்வையைச் சுருட்டினாள்.

பெரட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பனிமூட்டத்தில் கிரகரி தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி வடக்கே நடந்தான். பெரட்டு முடிந்து முனியாண்டி வந்து விறகை ஏற்றிப் போனான். கோலா தெர்லா பக்கம் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் கிரகரி வேறு பேரில் வேலைக்குச் சேர்ந்த செய்தி, லூர்தம்மாளுக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆனது.